சூரிய மின்சாரக் கம்பெனியாரும் நிலச்சுவான்தார்களும்

(விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் ஒருவர் எழுதியது)

மழைக்காகக் காத்திராத குடியானவர் நமது தேசத்தில் இல்லை. ஆனால் வெயிலை விலைபேச ஒருவர் தம் களத்துமேட்டுக்கு வருவார் என்று சென்ற தலைமுறையில் எவரும் எண்ணியதில்லை. இப்பொழுது அவ்விதம் வருகிறார்கள். தென் ஜில்லாக்களின் மானாவாரிப் பிரதேசங்களில் சூரிய மின் நிலையம் ஸ்தாபிக்கும் கம்பெனியாரும், அவர்களுக்கு முன்னதாக அவர்களுடைய தரகர்களும், சிட்டா அடங்கல் நகல்களைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றி வருவதை இப்பத்திரிகையின் வாசகர்களிற் பலர் நேரில் கண்டிருப்பார்கள்.

இவ்விஷயத்தில் விவசாய இலாகாவைச் சேர்ந்தவன் அபிப்பிராயம் கூறுவது பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். பொருந்தும் என்பதே என் விடை. விதையிலோ உரத்திலோ நேர்ந்த பிசகு ஒரு போகத்தோடு தீரும். அடுத்த ஆடியில் அதைத் திருத்திக்கொள்ளலாம். நிலத்தை 28 வருஷத்துக்கு எழுதிக் கொடுப்பதில் நேரும் பிசகோ, எழுதிக் கொடுத்தவருடைய பேரன் காலத்தில்தான் தீரும். ஆகையால் விதைப்புக்கு முன் யோசனை கேட்பவர், கையெழுத்துக்கு முன் அதைவிட அதிகமாகக் கேட்க வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனியாரை விரட்டவும் வேண்டாம். தெய்வம் தந்த வரமென்று எண்ணி அவர் நீட்டிய காகிதத்தில் ஒப்பமிடவும் வேண்டாம். அவரை ஒரு குத்தகைதாரராகவே கருத வேண்டும். குத்தகைதாரர் யார், எவ்வளவு விளைவிப்பார், எவ்வளவு தருவார், நிலத்தை எந்நிலையில் திருப்பிக் கொடுப்பார் என்று விசாரிக்காமல் நம் முன்னோர் ஒரு குழி நிலத்தையும் கொடுத்ததில்லை. அந்த வழக்கத்தை இப்புதிய குத்தகைதாரர் விஷயத்திலும் கைவிடாதிருப்பதே விவேகம்.

கம்பெனியாரின் தொழில்

சூரிய மின்சாரக் கம்பெனி என்றவுடன் தகடு செய்யும் ஆலை என்று பலர் நினைக்கிறார்கள். தகடு செய்பவர் வேறு. அதை வாங்கி நிலத்தில் நாட்டி மின்சாரம் விற்பவர் வேறு. நம் கிராமத்துக்கு வருபவர் இரண்டாமவரே. வெயில், நிலம், மின்கம்பி, கடன் என்னும் நான்கு சரக்குகளை ஓரிடத்தில் கூட்டுவது அவர் தொழில். இந்நான்கையும் அவர் எப்படிப் பார்க்கிறார் என்பதை அறிந்துகொண்டால், பேரத்தில் நம் பலம் எங்கே இருக்கிறதென்பது விளங்கும்.

முதலாவது வெயில். தமிழ்நாட்டின் பெரும்பாகத்தில் ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மேல் நாளொன்றுக்குச் சராசரி 5 யூனிட் அளவுக்குக் குறையாத சூரிய சக்தி விழுகிறது. இதில் ஊருக்கு ஊர் பெரிய வித்தியாசமில்லை. ஆகவே உங்கள் ஊர் வெயில்தான் உசத்தியென்று தேடி வந்தோம் என்று ஒருவர் சொன்னால் அது உபசார வார்த்தையே.

அவர் உங்கள் ஊரைத் தேடி வந்ததற்கு உண்மைக் காரணம் பெரும்பாலும் மூன்றாவது சரக்காகிய மின்கம்பியாகும். உற்பத்தியான மின்சாரத்தை ஏற்றுக்கொள்ளத்தக்க துணை மின் நிலையம் அருகில் இருக்கிறதா, அதில் இடம் மீதியிருக்கிறதா என்பதையே அவர் முதலில் பார்க்கிறார். ஒவ்வொரு மைலுக்கும் கோபுரம் நாட்டிக் கம்பி இழுப்பது பெருஞ்செலவு. இதிலிருந்து நிலச்சுவான்தார் தெரிந்துகொள்ள வேண்டியது யாதெனில், இக்குத்தகையில் நிலத்தின் மதிப்பை நிர்ணயிப்பது மண்ணின் வளம் அன்று. துணை மின் நிலையத்துக்கு அந்நிலம் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதேயாகும். மண் சரியில்லாத கரம்புதானே என்று தரகர் விலை குறைத்தால், மின்கம்பிக்கு எத்தனை தூரம் என்று திருப்பிக் கேளுங்கள்.

நிலத்தைப் பற்றி அவருக்கு வேண்டுவது இரண்டு: பட்டா சுத்தமாயிருக்க வேண்டும், நிலம் ஒரே சேர்க்கையாயிருக்க வேண்டும். ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 4 முதல் 5 ஏக்கர் வரை பிடிக்கும். 100 மெகாவாட் நிலையமென்றால் 400, 500 ஏக்கர் தொடர்ச்சியாக வேண்டும். நம் கிராமங்களில் அத்தனை நிலம் ஒரே கையில் இல்லை. இருபது முப்பது பட்டாதார்கள் ஒன்றுகூடினால் அவர் அவர்களோடுதான் பேசியாக வேண்டும். தரகர் ஒவ்வொருவரையும் தனித்தனியே கண்டு, ‘அடுத்த வீட்டுக்காரர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார்’ என்று காதோடு சொல்வதற்குக் காரணம் இதுவே.

நாலாவது கடன். ஒரு மெகாவாட் நிலையத்துக்குச் சுமார் 4 கோடி ரூபாய் முதல் வேண்டியிருக்கிறது. அதில் பெரும்பங்கு பாங்கிக் கடன். 25 வருஷத்துக்கு இன்ன விலையில் மின்சாரம் வாங்கிக்கொள்கிறோம் என்ற ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் பாங்கி கடன் கொடுக்கிறது. அந்த ஒப்பந்தமோ ஏலத்தில் கிடைப்பது. எவர் குறைந்த விலை கேட்கிறாரோ அவருக்கே உரியது. 2010-இல் தேசிய சூரிய சக்தித் திட்டம் தொடங்கியபோது மத்திய மின்சார ஒழுங்கு கமிஷன் யூனிட்டுக்கு ரூ. 17.91 என்று விலை வைத்தது. 2017 மே மாதத்தில் ராஜஸ்தானத்துப் பட்லாவில் ஏலம் ரூ. 2.44-க்கு இறங்கியது. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் ரூ. 1.99-ஐத் தொட்டது. பத்து வருஷத்தில் விலை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. தேச முழுமையிலும் சூரிய மின் நிலையங்களின் சக்தி 2025 ஜனவரியில் ஒரு லட்சம் மெகாவாட்டைக் கடந்தது. இத்தொழில் நிலைத்துவிட்டது என்பதில் ஐயமில்லை. வந்த வேகத்தில் போய்விடும் என்று எண்ணி அலட்சியம் செய்வது தகாது.

குத்தகைக் கணக்கு

ஏலத்தில் விலை ஒருமுறை நிச்சயமான பின் 25 வருஷத்துக்கும் பெரும்பாலும் அதே விலைதான். ஆகவே பத்தாவது வருஷத்தில் நிலச்சுவான்தார் சென்று, ‘விலைவாசி ஏறிவிட்டது, குத்தகையை உயர்த்துங்கள்’ என்றால், ‘எங்களுக்கு மின்சார விலை உயரவில்லையே’ என்று கம்பெனியார் கூறுவார். அவர் கூறுவதில் நியாயமும் உண்டு. கேட்க வேண்டியதை அவர் ஏலத்தில் விலை எழுதும் முன், முதற் பத்திரத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

எவ்வளவு கேட்கலாம் என்பதற்குக் கர்நாடகத்துப் பாவகடாவை உதாரணமாகக் கொள்வோம். தும்கூர் ஜில்லாவில் வறட்சிக்குப் பேர்போன அத்தாலூகாவின் ஐந்து கிராமங்களில் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா அமைந்தது. முதற் பகுதி 2018 மார்ச்சில் திறக்கப்பட்டது. 2019 முடிவுக்குள் முழுமையும் நடைமுறைக்கு வந்தது. அங்கே நிலம் கிரயத்துக்கு வாங்கப்படவில்லை. இதற்கென 2015-இல் ஏற்பட்ட சர்க்கார் கூட்டுக் கழகம் ஒன்று குடியானவர்களிடம் 28 வருஷக் குத்தகைக்குப் பெற்று, கம்பெனிகளுக்குப் பகிர்ந்து கொடுத்தது. குத்தகை ஏக்கருக்கு வருஷம் ரூ. 21,000, இரண்டு வருஷத்துக்கொருமுறை நூற்றுக்கு 5 உயர்வு.

இவ்வேற்பாட்டில் பாராட்டத்தக்கது அதிகம். நிலத்தின் உரிமை குடியானவரிடமே இருக்கிறது. தரகர் கையில் போகவில்லை. வறண்ட வருஷத்திலும் பணம் வருகிறது. ஆனால் கணக்கை முழுவதும் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு 5 வீதம் உயர்ந்தால் 28-ஆம் வருஷத்தில் குத்தகை சுமார் ரூ. 39,600 ஆகும். இரட்டிப்புக்குச் சற்றே குறைவு. 2016-இல் சட்டத் திருத்தத்தின் பேரில் நம் நாட்டுக்கு வகுக்கப்பட்ட விலைவாசி இலக்கு வருஷத்துக்கு நூற்றுக்கு 4. அந்த அளவோடு விலைவாசி நின்றாலும், முதல் வருஷத்தில் 100 ரூபாய் விற்ற சரக்கு 28-ஆம் வருஷத்தில் 288 ரூபாய் விற்கும். எனவே கடைசி வருஷத்தில் கைக்கு வரும் ரூ. 39,600 முதல் வருஷத்து மதிப்பில் சுமார் ரூ. 13,700 தான். குத்தகை ஏறிக்கொண்டே வந்ததாகத் தோன்றும். உண்மையில் மூன்றில் ஒரு பங்கு தேய்ந்திருக்கும்.

இதையே வருஷந்தோறும் 5 வீதம் உயர்வென்று எழுதியிருந்தால் 28-ஆம் வருஷத்தில் ஏக்கருக்குச் சுமார் ரூ. 78,400 வரும். கம்பெனியார் இதைத் தாங்குவாரா? அதையும் கணக்கிடுவோம். ஒரு மெகாவாட் நிலையம் நம் வெயிலில் வருஷத்துக்குச் சுமார் 16 லட்சம் யூனிட் தரும். யூனிட் ரூ. 2.50 என்றால் வரும்படி 40 லட்சம். ஐந்து ஏக்கருக்கு ரூ. 21,000 வீதம் முதல் வருஷக் குத்தகை ரூ. 1,05,000. அதாவது யூனிட்டுக்கு 7 பைசாவுக்கும் குறைவு. வருஷந்தோறும் உயர்ந்தாலும் 28-ஆம் வருஷத்தில் 25 பைசாவைத் தாண்டாது. பாங்கிக் கடனோ பெரும்பாலும் 20 வருஷத்துக்குள் தீர்ந்துவிடும். குத்தகை மிகும் கடைசி வருஷங்களில் கம்பெனியாருக்கு வட்டிப் பளுவே இராது. தகடுகளின் உற்பத்தி வருஷத்துக்கு வருஷம் சிறிது குறையுமென்பதைக் கழித்தாலும், தாங்க முடியாத பளு இதுவன்று. கேட்பவர் இல்லாததால்தான் கொடுப்பவர் இல்லை.

வரும்படியில் நூற்றுக்கு இவ்வளவு என்று பங்கு கேட்பது உசிதமாகாதா என்று சிலர் வினவுகிறார்கள். வாரத்துக்கு விட்டுப் பழகிய நமக்கு அது இயல்பான யோசனையே. நூற்றுக்கு 5 வீதம் பங்கு என்றால் மேற்படி 40 லட்சத்தில் 2 லட்சம், ஏக்கருக்கு ரூ. 40,000. ஆயினும் மின்சார விலை உயராதபடியால் அந்தப் பங்கும் உயராது. ஆகவே, ‘உயர்ந்துவரும் குத்தகை அல்லது வரும்படியிற் பங்கு, இரண்டில் எது அதிகமோ அது’ என்று எழுதுவதே உத்தமம்.

எந்த நிலத்தைக் கொடுக்கலாம்?

இவ்விடத்தில் விவசாய இலாகாக்காரனாகிய எனக்குச் சொல்ல வேண்டியது அதிகமுண்டு. ‘பயனற்ற தரிசு’ என்ற பேச்சை நான் எளிதில் ஒப்புவதில்லை. இராமநாதபுரம் ஜில்லாவில் கமுதிக்கு அருகே 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. சுமார் 2,500 ஏக்கரில் 25 லட்சம் தகடுகள். எட்டு மாதத்தில் முடிந்த வேலை. அக்காலத்தில் ஓரிடத்தில் அமைந்த நிலையங்களில் உலகத்திலேயே அது பெரியதென்று பேசப்பட்டது. தொழில் திறமை என்ற வகையில் அது மெச்சத்தக்கதே. ஆனால் அப்பிரதேசம் முழுவதும் ஒன்றுக்கும் உதவாத வெறுங்காடு என்று வெளியூரார் எழுதுவது அறியாமையாகும். கமுதி, முதுகுளத்தூர் வட்டாரத்து மானாவாரி நிலம்தான் முண்டு மிளகாய் விளையும் நிலம். அதற்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சீமைக் கருவேல் மண்டிய நிலத்திலும் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் பல. அறுவடைக்குப் பின் தரிசாய்க் கிடக்கும் புஞ்சையில் கீதாரிகள் கிடை போடுகிறார்கள். நிலத்துக்கு எரு, ஆட்டுக்கு மேய்ச்சல். அடங்கலில் ‘தரிசு’ என்று எழுதியிருப்பதாலேயே நிலம் சும்மா கிடப்பதாகாது.

ஆகவே நிலங்களை நான்காக வகுத்து யோசனை கூறுகிறேன்.

நஞ்சையும் கண்மாய்ப் பாசன நிலமும் எவ்விலைக்கும் கொடுக்கத்தக்கவை அல்ல. மண்ணைச் சமப்படுத்தி, மேல்மண்ணைத் தள்ளி, இரும்புக் கால்களை இறக்கிய வயலை 28 வருஷத்துக்குப் பின் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எளிதன்று. இடையில் மடையும் வாய்க்காலும் பராமரிப்பின்றித் தூர்ந்து போகும். ஒரு வயல் விலகினால் அதன் கீழுள்ள பத்து வயலுக்கும் நீர் முறை கெடும்.

கிணறுள்ள தோட்டப் புஞ்சையையும் விட்டுவிடுவதே நலம். ஒரு குடும்பத்துக்கு வருஷமெல்லாம் வேலையும் சாப்பாடும் தரும் நிலம் அது.

கரிசல் மானாவாரியில் ஒரு பாகத்தை, அதாவது சொந்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல், கொடுக்கலாம். நிச்சயமான வரும்படி அந்த மூன்றிலொரு பங்கிலிருந்து வந்தால், மீதியிரண்டு பங்கில் மழை பொய்த்தாலும் கடன்காரன் வாசலில் நிற்கமாட்டான். இதுவே இக்குத்தகையின் உண்மையான நன்மை என்பது என் எண்ணம்.

களரும் உவரும், சரளையும் பாறையுமான நிலம் தாராளமாகக் கொடுக்கத்தக்கது. பல வருஷம் முயன்றும் விதைத்த விதையே திரும்பாத நிலத்தில் வெயில் விளையுமானால் அதை வேண்டாமென்பது விவேகமாகாது.

தகட்டின் கீழும் இடையிலும் பயிர் செய்யலாமே என்ற கேள்வியும் உண்டு. செய்யலாம், அதற்கு முன்மாதிரிகளும் இருக்கின்றன. 2015 ஆகஸ்டு முதல் தன் மின்சாரத்தைச் சூரியனிடமிருந்தே பெற்றுவரும் கொச்சி விமான நிலையத்தில் தகடுகளிடையே காய்கறி பயிரிடப்பட்டது. ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட நில ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் 105 கிலோவாட் நிலையம் அமைத்து அதில் பயிர் செய்து காட்டியிருக்கிறார்கள். தகட்டைக் கழுவிய நீரும் தகட்டின்மேல் விழும் மழைநீரும் பயிருக்கு உதவும். ஆனால் அதற்குத் தகடுகளை உயர்த்தியும் வரிசைகளை விலக்கியும் நிறுவ வேண்டும். கம்பெனியார் தம் சௌகரியத்துக்கு நெருக்கி நாட்டிய பின் அதனிடையே கொத்தவரை விதைக்கலாமென்று எண்ணுவது பகற்கனவு. வேண்டுமானால் முன்பே பேசிப் பத்திரத்தில் எழுத வேண்டும். அது முடியாவிடில் புல் மேய்ச்சலுக்காவது செம்மறிகளை விட இடம் கேட்கலாம்; ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் அவ்வழக்கம் நடைபெறுகிறது. புல்வெட்டும் செலவு மிஞ்சுவதால் கம்பெனியாருக்கும் அதில் லாபமே.

பத்திரத்தில் எழுத வேண்டியவை

முதலாவதாக, கிரயம் வேண்டாம், குத்தகையே போதும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி பதிவு அவசியம். பதிவில்லாத ஒப்பந்தக் காகிதத்தில் முன்பணம் வாங்கிக்கொண்டு உழவை நிறுத்திவிடக் கூடாது. தரகர் பேருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பதைப் போன்ற அபாயம் வேறில்லை. குத்தகைக்கென்று கொடுத்த அதிகாரத்தைக் கொண்டே கிரயம் செய்துவிட இடமுண்டாகும். இன்ன தேதிக்குள் வேலை தொடங்காவிடில் ஒப்பந்தம் ரத்து, முன்பணம் நமக்கே என்ற ஷரத்தும் வேண்டும்.

இரண்டாவதாக, கம்பெனி கைமாறுவது இத்தொழிலில் சகஜம். நிலையத்தை ஸ்தாபித்துச் சில வருஷத்தில் விற்றுவிடுவதே சிலருக்கு வியாபாரம். ஸாப்ட்பேங்க், பார்தி ஆகிய இரு கூட்டத்தாருக்கும் சொந்தமாயிருந்த எஸ்.பி. எனர்ஜி என்ற கம்பெனி 2021-இல் முழுவதுமாக அதானி கிரீன் எனர்ஜிக்குப் போயிற்று. இதில் குற்றமொன்றுமில்லை. ஆனால் யார் வாங்கினாலும் பத்திரத்தின் ஷரத்துக்கள் அவரைக் கட்டும் என்று எழுதியிருக்க வேண்டும். பாங்கிக்கு ஈடாக அவர் வைக்கத்தக்கது தம் குத்தகை உரிமையையும் இயந்திரங்களையுமே. நமது நிலத்தின் சொந்த உரிமையை அன்று. இதைத் தெளிவாக எழுதாவிடில் அவருடைய கடனுக்கு நம் பட்டா வழக்காடும்படி நேரலாம்.

மூன்றாவதாக, பணம் கைக்கு வரும் வழி. மத்திய சர்க்கார் 2019-இல் தொடங்கிய குசும் திட்டத்தில், துணை மின் நிலையத்துக்கு 5 கிலோமீட்டருக்குள் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான சிறு நிலையங்களைக் குடியானவரோ, கூட்டுறவு சங்கமோ, ஊராட்சியோ தாமே அமைக்க இடம் வைக்கப்பட்டது. முதலில்லாதவர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டால், மின்சாரம் வாங்கும் கழகமே கம்பெனியாருக்குச் சேர வேண்டிய தொகையிற் பிடித்துக் குத்தகைப் பணத்தை மாதந்தோறும் நேரே நிலச்சுவான்தாரின் பாங்கிக் கணக்கில் செலுத்த வேண்டுமென்று அதில் விதித்திருந்தார்கள். குத்தகைப் பணத்துக்கு இதைவிட நல்ல காவல் கிடையாது. பெரிய நிலையங்களிலும் இம்மாதிரி ஏற்பாட்டைக் கேட்பதில் தவறில்லை. கிடைக்காவிடில் ஒரு வருஷத் தொகைக்குப் பாங்கி ஜாமீனாவது கேட்க வேண்டும்.

நான்காவதாக, முடிவு. குத்தகை முடிந்தபின் இரும்புக் கால்களையும் காங்கிரீட்டையும் புதைந்த கம்பிகளையும் யார் தோண்டி எடுப்பது? தகடுகள் உடைந்தால் எங்கே கொண்டுபோவது? தகட்டிலுள்ள கண்ணாடியும் அலுமினியமும் பயனுள்ளவை. பற்றுவைப்பிலுள்ள சொற்ப ஈயம் மண்ணுக்கு ஆகாது. 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளில் சூரியத் தகடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. எனினும் விதி இருப்பது வேறு, நம் வயலிலிருந்து கழிவு போவது வேறு. நிலத்தைச் சீர்செய்து கொடுப்பதற்கான தொகையைப் பதினைந்தாம் வருஷம் முதல் சிறிது சிறிதாகத் தனிக் கணக்கில் கட்டிவர வேண்டுமென்று எழுதிக்கொள்ளுங்கள். கடைசி வருஷத்தில் கம்பெனியைத் தேடி அலைவதைவிட அது மேல்.

ஐந்தாவதாக, வருமான வரி. விவசாய வரும்படிக்கு வரி இல்லை. மின்சாரத்துக்கு விட்ட நிலத்தின் குத்தகை விவசாய வரும்படியாகாது. அதற்குச் சட்டப்படி வரி உண்டு. பெருநிலக்காரர்கள் இதையும் கணக்கிற் சேர்த்துக்கொண்டே பேரம் பேச வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கு

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இவ்விஷயத்தில் செய்யக்கூடிய உபகாரம் பெரிது. மானாவாரிப் பிரதேசத்தில் தண்ணீர் வரும் வழி கண்ணுக்கு எளிதில் தெரியாது. வருஷத்தில் பத்து நாள் ஓடும் ஓடையும், வேலமரம் அடைத்த வரத்துக்காலும் கோடையில் பார்ப்பவருக்கு வெறும் பள்ளமே. நிலத்தைச் சமப்படுத்தும் இயந்திரம் ஒரு பகலில் அதை மூடிவிடும். ஐப்பசியில்தான் கண்மாய் நிரம்பவில்லையென்பது தெரியும். அப்பொழுது தகடு நாட்டியாகிவிட்டிருக்கும். ஆகையால் வேலி போடுவதற்கு முன்பே, புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் வைத்துக்கொண்டு, சர்வேயரையும் ஊர்ப் பெரியவர்களையும் நீர் பாய்ச்சும் மடையாளையும் கூட்டிச் சென்று, ஒவ்வொரு ஓடையையும் வரத்துக்காலையும் வண்டிப்பாதையையும் கல் நட்டுக் குறித்துவிட வேண்டும். சர்வே நம்பரில் ஏறாத நீர்வழி பல உண்டு. அவற்றை அறிந்தவர் மடையாளே. அவருடைய வாக்குமூலத்தையும் எழுதி வைத்தல் நலம்.

இரண்டாவது, புறம்போக்கும் மேய்ச்சல் தரையும். பட்டா நிலங்களின் நடுவே அகப்பட்ட பொது நிலம் வேலிக்குள் போய்விட்டால் பிறகு மீட்பது கடினம். கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றிக் கிராமத்தாரின் பொது உபயோகத்துக்கே மீட்கத் திட்டம் வகுக்குமாறு 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநில சர்க்கார்களுக்கும் உத்தரவிட்டதை அதிகாரிகள் மறவாதிருப்பார்களாக. சொந்த நிலமில்லாதவருக்கு ஒரே சொத்து அந்தப் பொது நிலம்தான்.

மூன்றாவது, தண்ணீர். தகட்டில் புழுதி படிந்தால் மின்சாரம் குறையும். கழுவ நீர் வேண்டும். கமுதியில் துடைக்கும் இயந்திரங்களைக் கொண்டு தினந்தோறும் சுத்தம் செய்யும் ஏற்பாடு அமைந்தது. நீரின்றித் துடைக்கும் முறைகளும் இப்பொழுது வழக்கத்திலுள்ளன. குடிநீருக்கே திண்டாடும் ஊரில் ஆழ்குழாய் போட்டுத் தகடு கழுவ அனுமதி கொடுக்கும் முன் கிராம சபையைக் கேட்பது கடமை.

கூலியாட்களின் பங்கு

இதுவரை சொன்னதெல்லாம் நிலமுடையவருக்கு. அந்நிலத்தில் களை எடுத்தும் மிளகாய் பறித்தும் பிழைத்தவருக்குக் குத்தகையில் பங்கில்லை. பாவகடாவிலும் நிலமுடையவருக்கு வரும்படி நிலைத்தது. நிலமற்ற கூலிகளுக்கு வேலை குறைந்ததென்பதே அங்கிருந்து வந்த செய்தி. நிலையம் கட்டும்போது ஆயிரக்கணக்கானவருக்கு வேலை கிடைக்கும். கமுதியில் சுமார் 8,500 பேர் வேலை செய்தனர். கட்டி முடிந்தபின் காவலுக்கும் துடைப்புக்கும் புல்வெட்டுக்கும் சிலரே போதும். வெயில் களையெடுப்புக் கேட்பதில்லை.

ஆகவே நிலச்சுவான்தார்கள் தங்களுக்கென்று பேசும்போதே தங்கள் கூலியாட்களுக்கும் இரண்டொரு ஷரத்துப் பேச வேண்டும். காவல், துடைப்பு, புல்வெட்டு வேலைகள் உள்ளூராருக்கே. ஊர்ப் பிள்ளைகளில் சிலரை மின்சார வேலைக்குப் பழக்குதல். ஊராட்சிக்கு மெகாவாட்டுக்கு இவ்வளவென்று வருஷத் தொகை. இது தருமம் மட்டுமன்று, சுயநலமுங்கூட. கூலியாட்கள் பிழைப்புத் தேடித் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போய்விட்டால், மீதியிரண்டு பங்கு நிலத்தில் விதைக்க யாரைக் கூப்பிடுவது?

முடிவாக

‘சோறு விளையும் நிலத்தில் கண்ணாடி விளைப்பதா?’ என்று சிலர் சினத்துடன் கேட்கிறார்கள். அவர்களுடைய கவலையை நான் மதிக்கிறேன். நல்ல நிலத்தைப் பற்றிய வரையில் அவர்கள் கட்சியே என் கட்சி. ஆனால் நம் பம்புசெட்டுக்கு வரும் மின்சாரமும் எங்கேயோ ஒருவருடைய நிலத்தில் கரி எரித்தோ அணை கட்டியோ வருவதுதான். பகலில் நீர் இறைக்கும் நமக்குப் பகலில் விளையும் மின்சாரம் பொருத்தமானதே. ‘விவசாயத்தில் என்ன கிடைக்கிறது, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுக் குத்தகை வாங்கி உட்காரலாம்’ என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வருஷத்துக்கு ரூ. 21,000 என்பது இன்று பெருந்தொகையாகத் தோன்றலாம். 28 வருஷம் உழாத கைக்கு உழவு மறந்துபோகும். நிலம் திரும்பி வரும்போது அதை வாங்கிக்கொள்ளக் குடியானவர் இருக்க வேண்டுமே.

கம்பெனியாரிடம் வக்கீலும் இஞ்சினீயரும் கணக்கரும் இருக்கிறார்கள். நம்மிடம் இருப்பது நிலம் ஒன்றே. அதுவும் சேர்ந்து நின்றால்தான் பலம். ஆகவே இப்படிப்பட்ட பேச்சு ஊருக்குள் வந்ததும், தனித்தனியே தரகரைப் பார்ப்பதை விட்டு, பட்டாதார்கள் ஒன்றுகூடி, ஒரே பத்திர வாசகத்தை வக்கீலிடம் எழுதி வாங்கி, கிராம சபையில் வாசித்துக் கேட்ட பிறகு கையெழுத்திடுவதே முறை. எந்தச் சர்வே நம்பரைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்ற சந்தேகமுள்ளவர்கள் அருகிலுள்ள விவசாய டிப்போவுக்கு மண் மாதிரியும் அடங்கல் நகலும் கொண்டுவந்தால், அந்நிலம் என்ன விளையும், என்ன விளையாது என்று பார்த்துச் சொல்ல இலாகா உத்தியோகஸ்தர்கள் கடமைப்பட்டிருக்கிறார்கள். ஒப்பமிடுவதற்கு முன் வர வேண்டுமென்பதே என் வேண்டுகோள்.